சின்ன வயிற்றுக்கும் கறிச்சோறு உண்டு

"வயித்தை வெட்டிச் சுருக்கின பொறகு கறியெல்லாம் எறங்குமா?" என்று எங்கள் போடிநாயக்கனூர்த் தெருவில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. பாதிப் பேர் அக்கறையால் கேட்கிறார்கள். மீதிப் பேர், "இனி எனக்குக் கறிச்சோறு கிடையாது" என்று நானே சொல்ல வேண்டும், தாங்கள் உச்சுக் கொட்ட வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான். இறங்கும். இறங்கத்தான் வேண்டும். எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்து கொண்டவர்களுக்கு மாமிசம் விலக்கல்ல. அசைவம் சாப்பிடும் குடும்பத்துப் பெண்களுக்கு அது பெரிய துணை. ஆனால் அதைச் சௌகரியமாகச் சாப்பிட சமைக்கிற கையும், மெல்லுகிற பல்லும், சுவர்க் கடிகாரமும் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும். அந்த விவரத்தை என்னைப் போன்ற சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் உயரம் 154 சென்டிமீட்டர். ஆபரேஷனுக்கு முன் எடை 112 கிலோ. என் கணவர் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறார். விடியற்காலையில் அவரை அனுப்பிவிட்டு, வீட்டு வேலை முடிந்ததும் நான் ஏலக்காய் தரம் பிரிக்க உட்காருவேன். காம்பு கிள்ளி, சருகு பொறுக்கி, பச்சைக் காய் தனி, வெளுத்த காய் தனி, எட்டு எம்.எம். தனி என்று பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சம்மணம் போட்டு உட்கார்ந்தே இருக்கிற வேலை. இரண்டு பிரசவம், தைராய்டு, பிறகு சர்க்கரை. மூட்டு வலியில் மச்சுப்படி ஏறுவதுகூட நின்று போயிற்று. "தின்னே கொழுத்துட்டா" என்று ஊர் சொல்லும். உடம்பு பெருக்கப் பரம்பரையும் ஹார்மோனும் மருந்தும் மன உளைச்சலும் காரணம் என்று ஊருக்கு யார் சொல்வது? 2019–21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அதிக எடை உள்ளவர்கள். இத்தனை பேரும் தின்றே கொழுத்தவர்களா என்ன?

2023-ம் வருஷக் கடைசியில் மதுரையில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. அந்த ஜூன் மாதம்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நின்று போயிருந்த ரயில் அகலப்பாதையில் மறுபடி போடிக்கு வந்திருந்தது. அதனால் பரிசோதனைக்குப் போய் வரப் பஸ் குலுக்கல் இல்லாமல் பிழைத்தேன்.

எடைக்காக வயிற்றில் கைவைக்கும் இந்த வைத்தியம் புதியதல்ல. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து டாக்டர் எட்வர்ட் மேசன் என்பவர் 1966-லேயே இரைப்பையைப் பிரித்துக் குடலோடு இணைக்கும் 'பைபாஸ்' முறையைத் தொடங்கி வைத்தார். எனக்குச் செய்தது 'ஸ்லீவ்' என்ற வகை. நல்ல வயிறு ஒரு லிட்டருக்கு மேல்கூட விரிந்து கொடுக்கும். ஸ்லீவ் முறையில் அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் மாதிரி ஒரு குழாய். பைபாஸில் மேலே விடுகிற பை அதைவிடச் சின்னது. ஒரு சின்ன டம்ளர் கொள்ளளவுக்குள் காலைப் பலகாரத்தை முடித்துக் கொள்ள வேண்டும் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

இதில் கறிக்கு மட்டும் ஏன் தகராறு? இட்லியும் தயிர்சாதமும் வாயிலேயே கரைந்துவிடும். கறி அப்படியல்ல. அது கயிறு திரித்த மாதிரி தசை நார். நாரைச் சுற்றி வெள்ளையாகச் சவ்வு. அதை அமிலத்தில் ஊறவைத்து, பிசைந்து, கூழாக்குவது வயிற்றின் வேலை. அந்த வேலைக்காரனில் முக்கால்வாசியை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தாயிற்று. மிஞ்சிய கால்வாசிக்கு இடமும் இல்லை, முன்போல் அமிலமும் இல்லை. ஆகவே வயிறு செய்து வந்ததில் பாதியை அம்மியும் குக்கரும் பல்லும் முன்கூட்டியே செய்து கொடுக்க வேண்டும். கறியைச் சௌகரியமாகச் சாப்பிடும் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

டாக்டர் சொன்ன வரிசைப்படியே போனேன். முதல் இரண்டு வாரம் தண்ணீராக உள்ளவை. அப்புறம் இரண்டு வாரம் மசித்தவை. அதன்பின் குழையக் குழைய வெந்தவை. ஆறு, எட்டு வாரத்துக்குப் பிறகுதான் வீட்டுச் சாப்பாடு. முட்டை, பிறகு மீன், பிறகு கோழி, கடைசியில் ஆட்டுக்கறி. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அவரவர் டாக்டர் சொல்வதே அவரவருக்குச் சட்டம்.

முட்டை ஒத்துக் கொண்டது. வைகை அணை மீன் ஒத்துக் கொண்டது. அயிரை மீன் குழம்பு என்றால் கேட்கவே வேண்டாம், நாக்கிலேயே உதிர்ந்துவிடும். மூன்றாம் மாதம் நாட்டுக்கோழி. நன்றாக மென்றுதான் விழுங்கினேன். என்றாலும் நாட்டுக்கோழியின் நார் லேசுப்பட்டதா? நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு கல் வந்து உட்கார்ந்த மாதிரி நின்று கொண்டது. வாயெல்லாம் நுரைநுரையாக எச்சில். மூக்கில் நீர். அரைமணி நேரம் நடையாய் நடந்து, கடைசியில் கொல்லைப்புறம் போய்த் துப்பின பிறகே மூச்சு வந்தது. இந்த ஆபரேஷன் செய்து கொண்ட பலருக்கும் ஒருமுறையாவது நேர்கிற அனுபவம்தான் இது. இந்த நேரத்தில் "தண்ணி குடி, எறங்கிரும்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொம்பை நீட்டுவார்கள். அடைத்த சாக்கடையில் இன்னும் ஒரு குடம் ஊற்றுகிற கதைதான் அது. வாந்திதான் மிச்சம்.

அதற்குப் பிறகு கறி வாசனை வந்தாலே எனக்கு நடுக்கம். நாக்கு ருசியும் மூக்கு வாசனையும்கூட ஆபரேஷனுக்குப் பின் சில மாதம் மாறிப் போகும் என்கிறார்கள். எனக்கு மசாலா தாளிக்கிற வாசனையே ஆகவில்லை. கஞ்சி, ரசஞ்சாதம், பாலில் நனைத்த ரஸ்க். வழுக்கிக் கொண்டு இறங்குகிறவை எல்லாம் சுகமாக இறங்கின. எடையும் மளமளவென்று குறைந்தது. தெருவே மெச்சியது. ஆனால் தலை சீவினால் சீப்பு நிறைய முடி. எழுந்து நின்றால் கண் இருட்டும். ஐந்தாம் மாதப் பரிசோதனையில் ரத்தத்தின் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்தது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "கொழுப்பு கரையறது சந்தோஷம். ஆனா தசையும் சேர்ந்து கரையுது. அது நல்லதில்ல. உங்களுக்கு ஒரு நாளைக்கு அறுபது கிராமாவது புரதம் உள்ள போகணும். கஞ்சியில அது கிடைக்காது" என்றார்.

அடுத்த அறையில் இருந்த உணவு ஆலோசகர் சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நான் மசாலாவைப் பற்றியும் குக்கர் விசிலைப் பற்றியும் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டதோ வேறு. "வீட்ல எங்க உக்காந்து சாப்பிடுவீங்க அம்மா? எத்தனை நிமிஷம் சாப்பிடுவீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. சகோதரிகளே, உங்களையே கேட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் பரிமாறி, பாத்திரம் ஒதுக்கி, அடுப்படியில் நின்றபடியே சட்டியில் ஒட்டியிருக்கிற குழம்பில் சோற்றைப் புரட்டி ஐந்து நிமிஷத்தில் விழுங்குகிறோமே, அதற்குச் சாப்பாடு என்றா பெயர்? கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை நான் சூடாகச் சாப்பிட்டது எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கு வருவது ஆறிப்போய், எலும்போடு ஒட்டிக் கிடந்து, இரண்டாம் முறை சுட வைத்து விறைத்த கறி. பெரிய வயிறு இருந்தவரை அதைப் பொறுத்துக் கொண்டது. இந்தச் சின்ன வயிறு பொறுக்க மாட்டேன் என்கிறது. கறியோடு மட்டுமல்ல, நான் சாப்பிடுகிற நேரத்தோடும் சேர்த்துத்தான் அதற்குச் சண்டை.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மாமியார் முகம் மாறிவிட்டது. "ஆம்பளைக பசியோட வர்ற நேரத்துல பொம்பளை மொதல்ல தட்டைப் போட்டு உக்காருறதா? எங்க காலத்துல இப்படி ஒண்ணு கேட்டதில்ல" என்றார். எழுபத்தெட்டு வயது. அவர் உழைத்த உழைப்பில் பாதி எனக்கு வராது. அதனால் நான் எதிர்த்துப் பேசவில்லை. கணவர்தான், "மலையில இருந்து எறங்கி வர எனக்கு எப்படியும் நேரமாகும். நான் வர்றப்ப அவ சாப்பிட்டு முடிச்சிருந்தா எனக்கு நிம்மதியாப் பரிமாறுவா. விடும்மா" என்று ஒரே போடாய்ப் போட்டார். அத்தை இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ மெல்றத எண்ணிப் பாக்குறேன்" என்று எண்ணத் தொடங்கிவிட்டார். இப்போது அதுவே அவருக்குப் பொழுதுபோக்கு.

இனி சமையலுக்கு வருவோம். ஈரச்சூடு கறியை இளக்கும். வறட்டுச்சூடு இறுக்கும். இதுதான் அடிப்படை. குழம்பிலோ கொதிநீரிலோ நிதானமாக வேகும்போது அந்த வெள்ளைச் சவ்வு இளகி ஜெல்லி மாதிரி ஆகிவிடுகிறது. பொரித்தாலும் சுக்கா வறுத்தாலும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி நார் முறுக்கிக் கொள்ளும். ஆகவே சுக்கா, சிக்ஸ்டி-ஃபைவ் எல்லாம் எனக்கு வேண்டாம். கோழியில் நெஞ்சுக்கறி சீக்கிரம் வறண்டு சக்கையாகும். தொடைக்கறி மிருது. ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சூடு பண்ணின கோழி சரிப்படாது. அன்றைக்குச் சமைத்தது அன்றைக்கே.

ஆட்டுக்கறி என்றால் கொத்துக்கறியில் தொடங்குவதே உத்தமம். கசாப்புக் கடையிலேயே கொழுப்பு நீக்கி, இரண்டு தடவை கொத்தச் சொல்லி வாங்குகிறேன். கால் கிலோ கொத்துக்கறிக்கு ஒரு கை சின்ன வெங்காயம், தக்காளி ஒன்று, இஞ்சி பூண்டு விழுது, மிளகாயைக் குறைத்து மிளகும் சீரகமும் அரைத்தது, மஞ்சள், உப்பு, தளரத் தண்ணீர். குக்கரில் நாலு விசில். இறக்கி இரண்டு கரண்டி தயிர் கலந்து, குழம்பாகவே விட்டுவிட வேண்டும். சுண்ட வைக்கக் கூடாது. துண்டுக் கறி என்றால் இளம் ஆட்டின் தொடைப்பகுதி. அரைக் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் பப்பாளிக்காய்த் துருவல் பிசறி அரைமணி வைத்தால் போதும். பப்பாளிக்காயில் உள்ள பப்பெய்ன் என்ற சத்து நாரை அறுத்துக் கொடுத்துவிடும். நம் பாட்டிமார்கள் பெயர் தெரியாமலே செய்து வந்த வைத்தியம் இது. அத்தை எனக்காகத் தனியாகச் சுவரொட்டி வாங்கி வரச் சொல்வார். மெத்தென்று இருக்கும், இரும்புச்சத்தும் உண்டு. ஈரலும் அப்படியே, ஆனால் வாரத்தில் ஒரு நாளைக்கு மேல் வேண்டாம்.

சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "ரெண்டு டம்ளர் எலும்புச் சூப் குடிச்சா கறி தின்ன மாதிரிதான்" என்று நம் பக்கம் சொல்வார்கள். அது சரியல்ல. சூப்பில் இறங்குவது ருசியும் உப்பும் கொஞ்சம் ஜெலட்டினும்தான். முழுமையான புரதம் கறியிலேயே தங்கிவிடுகிறது. சூப்பை ரொப்பிக் கொண்டால் கறிக்கு இடம் இருக்காது.

சாப்பிடுகிற முறை இது. பெரிய தட்டை எடுத்து வைத்துவிட்டு, பாயசக் கிண்ணமும் டீஸ்பூனும் எடுத்துக் கொள்கிறேன். கறித்துண்டை ஒரு சின்ன ஏலக்காய் அளவுக்குப் பிய்த்துக் கொள்வேன். ஒரு வாய்க்கு இருபத்தைந்து, முப்பது தடவை மென்று, கூழான பிறகு விழுங்கி, ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும். அடுத்த வாய்க்கு ஒரு நிமிஷம் பொறுக்கலாம். முதலில் கறி, அப்புறம் காய், இடம் இருந்தால் சோறு. சோறு நிறைய, வெஞ்சனம் தொட்டுக்க என்ற நம் வழக்கத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. முடித்து அரைமணி கழித்தே குடிக்கலாம். விக்கல், தும்மல், மூக்கில் நீர், ஒரு பெருமூச்சு, இதில் எது வந்தாலும் வயிறு மணி அடிக்கிறது என்று அர்த்தம். கிண்ணத்தில் ஒரே ஒரு வாய் பாக்கி இருந்தாலும் எழுந்துவிட வேண்டும். "வீணாகுதே" என்று அள்ளிப் போட்டுக் கொள்ள நம் வயிறு குப்பைக்கூடை அல்ல. மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். அந்த நேரத்தில் காலிங்பெல் அடித்தால் வேறு யாராவது கதவைத் திறப்பார்கள்.

ஒன்பதாம் மாதம் என் நாத்தனார் வீட்டில் கிடாவெட்டு. அவர்கள் இருப்பது பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, போடிமெட்டுப் பக்கம். அந்த இடம் கடல் மட்டத்துக்குச் சுமார் 1,400 மீட்டர் உயரம். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் குறையுமாம். கீழே நூறு டிகிரியில் கொதிப்பது அங்கே தொண்ணூற்றைந்துக்கே தளதளவென்று கொதிக்கும். அதனால் திறந்த அண்டாவில் கறி வேக மலையில் நேரம் கூடுதலாகத்தான் ஆகும். நாத்தனாருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால், "மேல வந்தா கறி சண்டித்தனம் பண்ணும்" என்று அனுபவத்தில் தெரியும். முதல் நாளே போன் செய்து, "உனக்குத் தனியாக் குக்கர்ல போட்டு வைக்கிறேன் ஆத்தா, கவலைப்படாம வா" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி கறி செரித்துவிட்டது.

பந்தியில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தது. "என்ன மதினி, ரெண்டு துண்டோட நிறுத்திட்டீங்க? எங்க கறி பிடிக்கலையா?" கறிவிருந்தில் இலையைக் காலி வைப்பது வீட்டாரை அவமதிப்பது மாதிரி என்பது நம் ஊர் வழக்கம். நான் எழுந்திருக்கவும் இல்லை, கூடுதலாக வாங்கவும் இல்லை. "கறி ஜோரா இருக்கு. அதான் ரசிச்சு ரசிச்சுச் சாப்பிடுறேன். நீங்க மூணு பந்தி முடிக்கிற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்" என்றேன். சிரித்துவிட்டார்கள். ஐம்பது கிராம்தான் சாப்பிட்டிருப்பேன். ஒரு துண்டுகூட நெஞ்சில் நிற்கவில்லை. ஜீப்பில் இறங்க இரண்டு மணி நேரம் பொறுத்துத்தான் ஏறினேன். நிறைந்த வயிற்றோடு அந்த வளைவுகளில் திரும்பினால் நல்ல வயிற்றுக்காரர்களுக்கே புரட்டும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். எச்சில்கூட விழுங்க முடியாமல் மணிக்கணக்கில் அடைத்துக் கொண்டாலோ, நெஞ்சு வலித்தாலோ, கறுப்பாக வெளிக்குப் போனாலோ கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் பி1 என்ற வைட்டமின் தீர்ந்து மூளையையும் நரம்பையும் பாதிக்கும். "பழகிரும்" என்று பொறுத்திருக்கக் கூடாது. கறி சாப்பிடுகிறோமே என்று மாத்திரையை நிறுத்துவதும் தவறு. கறியில் உள்ள பி12 உடம்பில் சேர வயிற்றில் ஊறும் ஒரு பொருள் தேவை. வயிறு சுருங்கினால் அதுவும் சுருங்கும். அதனால் பி12 ஊசியோ மாத்திரையோ ஆயுசுக்கும் உண்டு. இரும்பு மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுப் போட வேண்டும். போடியில் மணிக்கொரு டீ குடிப்போம். இரும்பு மாத்திரையோடு டீ ஆகாது, அதுவும் தள்ளியே.

இப்போது என் எடை 74 கிலோ. சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 12-ஐ எட்டிவிட்டது. முடி கொட்டுவது நின்றுவிட்டது. என் ஒரு நாள் கணக்கு இது. முட்டை இரண்டில் 12 கிராம் புரதம். வெந்த கறியோ மீனோ மதியம் ஐம்பது, இரவு ஐம்பது கிராம், அதில் சுமார் 25. பால், தயிரில் 11. பொட்டுக்கடலை ஒரு கையளவில் 6. குறைகிறதை டாக்டர் எழுதிக் கொடுத்த புரதப் பவுடர் சரிக்கட்டுகிறது. கறி இல்லாத நாளில் மீனும் முட்டையும் கூடும். தினமும் ஆட்டுக்கறி வாங்க எந்தக் குடும்பத்துக்குக் கட்டும்?

இந்த ஆபரேஷன் எல்லாருக்கும் வேண்டியதல்ல. அதை முடிவு செய்ய டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது செய்து கொண்டு வந்தால், அவருக்கு ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக் கொண்டு போய்ப் பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். "நீ உக்காந்து சாப்பிடு, அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்று ஒருவர் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்து கொள்ளாத பெண்களிடமும் அதையே சொல்லலாம். சொல்ல ஆள் இல்லாவிட்டால், அடுப்பை அணைத்துவிட்டு நாமே உட்கார்ந்து கொள்ள வேண்டியதுதான்.